என் நாத்தனார் செய்த மொழி

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். கம்ப்யூட்டரை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். அப்படிப்பட்ட நான் ஒரு புரோகிராமிங் மொழியை சி.டி.யில் பதிந்து, உறை ஒட்டி, போய்ப் பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் சில வருடங்கள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த மொழியைச் செய்தவள் என் கணவரின் தங்கை. அவள் இப்போது இல்லை.

தொண்ணூற்றேழில், கல்யாணமான கையோடு, நாங்கள் கொல்லிமலைக்குக் குடிவந்தோம். மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். மாமனாரும் மாமியாரும் முன்பே காலமாகிவிட்டார்கள். மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தை அவருடைய பெரியப்பா குடும்பம் பார்த்துக்கொண்டது. தங்கையைப் படிக்கவைத்தது என் கணவர்தான். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தாள். லீவு விட்டால் மலைக்கு வருவாள். பஸ் வளைவுகளில் ஏறும்போது அவளுக்குத் தவறாமல் வாந்தி வரும். வெளிறிய முகத்தோடு இறங்கி நடந்து வருவாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருப்பாள்.

படிப்பு முடிந்ததும் பெரியப்பா வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். கும்பல் கும்பலாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அங்கெ இருந்தா பட்டுப்பொடவயக் கட்டிக்கிட்டு ஒக்காந்தே கெடக்கணும் அண்ணி. மாப்பிள்ள அமையற வரைக்கும் நா இங்கயே இருந்துக்கறனுங்க," என்றாள்.

அந்தச் சமயத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிக்கூடத்துக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றைக் கொடுத்திருந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் துணி போட்டு மூடிவைத்திருந்தார்கள். என் கணவர் ஹெட்மாஸ்டரிடம் பேசினார். சம்பளமில்லாத கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாள் தங்கை.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கரும்பலகையில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துவிடுவார்கள். ஒரு நாள் அவள், "இந்த வரியில மொத வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறாள். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்படி அடிச்சாத்தானுங்க டீச்சர் அதுக்குப் புடிக்கும்," என்றாளாம். சாமிக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று சொல்வது போல.

அன்று சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "அண்ணி, இங்கிலீசுல 'இஃப்'னு வருதே, அதைத் தமிழ்ல ஒரே வார்த்தையில எப்படிச் சொல்லுவீங்க?"

"ஒரே வார்த்தையிலயா? தமிழ்ல அது தனியா நிக்காது கண்ணு. வினையோட வாலைப் புடிச்சுக்கிட்டுத்தான் வரும். பெய்தால், வந்தால், போனால்."

"அப்ப முன்னாடி வராதுங்களா?"

"வராது. நமக்கு எல்லாமே கடைசியிலதானே வரும். சோறு தின்னு, கதவைச் சாத்து. செய்யச் சொல்றது கடைசி வார்த்தையாத்தான் இருக்கும்."

அவள் உள்ளே போய்ப் பேனாவை எடுத்தாள். இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஆங்கில வார்த்தைகளுக்குப் பதில் தமிழ் வார்த்தைகளை மாட்டிவைப்பதோடு நிற்க அவளுக்கு இஷ்டமில்லை. தமிழில் பேசுகிறவன் எப்படிச் சொல்வானோ அந்த வரிசையிலேயே கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். என்ன வேண்டுமோ அதை முதலில் வைத்து, 'எழுது' என்று முடித்தால் அது திரையில் எழுத வேண்டும்.

அது அப்படி நடப்பதற்காக 'சி' என்கிற வேறொரு கம்ப்யூட்டர் மொழியில் அவள் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள் எனக்குப் புரிந்ததில்லை. என் வேலை வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போட்டோம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதை நடுவில் நிறுத்த ஒரு சொல் வேண்டியிருந்தது. நான் அகராதியைப் புரட்டி 'முறி', 'விடு' என்றெல்லாம் சொன்னேன். அவள் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வந்து, "போதும்" என்றாள். "சத்துணவுல சோறு போடறப்ப அதைத்தான அண்ணி சொல்றாங்க. ஒருத்தருக்கும் மறக்காது." அதுவே நின்றது. தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் காட்டும் செய்திகளை நான்தான் எழுதினேன். எந்தச் செய்தியும் பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். 'பிழை' என்ற சொல்லையே எடுக்கச் சொன்னாள். 'இந்த வரி எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை பாருங்கள்' என்று வைத்தோம்.

மொழி ஓடத் தொடங்கியதும் அதை மற்ற பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். அதில்தான் எத்தனை தொல்லை! அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழு' இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிவது அடுத்த ஊரில் கொசகொசவென்று தெரியும். ஆகவே மொழியோடு ஃபான்ட்டையும், தட்டச்சு செய்கிற வசதியையும், அவற்றைத் தானாகவே உரிய இடத்தில் வைக்கும் ஒரு சிறிய புரோகிராமையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டியிருந்தது. முதலில் ஃப்ளாப்பியில் கொடுத்தோம். மலையின் ஈரத்தில் ஃப்ளாப்பிகள் பூஞ்சை பிடித்தன. அரிசிப் பானையில் புதைத்துக்கூடப் பார்த்தேன்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாய்தான் கை கொடுத்தார். மிளகு, காப்பிக்கொட்டை வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. புதிதாக வருகிற எந்த மெஷினையும் ஆசைப்பட்டு வாங்கிவிடுவார். சி.டி. எழுதும் கருவியும் டெலிபோனில் இன்டர்நெட்டும் அவர் கடையில் வந்தன. சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பஸ் பிடித்து இறங்கிப் போவோம். இன்டர்நெட்டில் மொழியை ஏற்றும்போது முடிகிற தறுவாயில் லைன் அறுந்துவிடும். "ஏம்மா, போயிருச்சா? இருங்க, டீ குடிச்சுட்டு மறுபடி போடலாம்," என்பார் பாய். உள்ளேயிருந்து அவருடைய மனைவி டீ அனுப்புவார்.

இதை ஏன் சும்மா கொடுக்க வேண்டும், உள்ளே எழுதியிருப்பதையும் ஏன் எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்று என் கணவருக்கு ஒரு சந்தேகம்.

"ஏங்கண்ணு, இவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கறே. எவனாச்சும் எடுத்துத் தம்பேரு போட்டுக்கிட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"போட்டுக்கட்டுமுங்கண்ணா. மூடி வெச்சா, இது ஏன் இப்பிடி நடக்குதுன்னு கேக்கற புள்ளைக்கு நா என்னத்தக் காட்டுவேன்? தெறந்து பாக்கட்டும். கெட்டுப்போனா அதுங்களே சரி பண்ணட்டும்."

சி.டி. உறைகளை நான் மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். பசையின் வாசத்துக்கு எறும்பு வந்துவிடும் என்பதால் வேப்பெண்ணெய் கலந்தேன். அதனால் எங்கள் சி.டி. எல்லாவற்றிலும் லேசாக வேப்பெண்ணெய் நாறும். செம்மேட்டுத் தபால் ஆபீசில் இருந்தவர் முதல் தடவை கட்டைப் பார்த்து, "பாட்டுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, மொழி," என்றேன்.

"மொழியுங்களா?" என்றவர் பார்சலைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தார். நாத்தனார் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள்.

மலைக்குக் கீழே இருந்த பள்ளிக்கூடங்களிலிருந்து கேட்டு எழுதினார்கள். பிறகு இலங்கையிலிருந்து, மலேசியாவிலிருந்து. ஊரைவிட்டுப் போய்க் குளிர்தேசங்களில் வாழ்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். பாய் கடையில் மெயிலைத் திறந்தால் அவளுக்கு 'அக்கா' என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். அந்த வருடங்களில் அவளைப் போல் சந்தோஷமாக இருந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையும் அமைந்தான். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை. நல்ல பையன், அதை நான் எங்கேயும் சொல்வேன். பெண் பார்க்க வந்த அன்றே அவள் தன் மொழியைப் பற்றிச் சொல்லி, இதை விடமாட்டேன் என்றாள். அவன் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராமை அடித்துப் பார்த்துவிட்டு, "நா எதுக்குங்க விடச் சொல்றேன்?" என்றான்.

கல்யாணமாகி அங்கே போன பிறகு, விசாவில் வேலைக்குப் போக அவளுக்கு அனுமதி இல்லை. வீட்டிலேயே இருந்ததால் மொழி வேகமாக வளர்ந்தது. அவள் எழுதி அனுப்புவாள். நான் பாய் கடையில் இறக்கி, மூட்டை கட்டி, சி.டி. போட்டு, தபாலில் சேர்ப்பேன். எங்கள் வீட்டுக்கும் போன் வந்திருந்தது. காலையில் நான் இட்லி ஊற்றும் நேரம் அவளுக்கு முந்தின நாள் சாயங்காலம். தினமும் பேசுவாள். எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே எழுத்துக் கணக்கு வந்துவிட்டது, யூனிகோடு என்று பெயர், இனி ஃபான்ட் சண்டையே கிடையாது, நம் மொழியை அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு காலையில் சொன்னாள். குரலில் களைப்பு தெரிந்தது. விசேஷமோ என்று எனக்குள் ஒரு ஆசை. கேட்டேன்.

"அதெல்லாம் இல்லீங்க அண்ணி. காச்சலு. விட்டு விட்டு வருது."

ரத்தத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் கெஞ்சினாள். நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் முற்றத்தில் காய வைத்திருந்த மிளகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பார்க்கலாம் என்றால் அவரிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அதற்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.

படுத்துக்கொண்டே அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். நான் பாய் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துகொள்வேன். அவள் போனில் சொல்லச் சொல்ல அடிப்பேன். புதிய பதிப்பை எப்படிக் கட்டுவது, எங்கே ஏற்றுவது, எதை மாற்றக் கூடாது.

"நீயே வந்து பண்ணு கண்ணு. எனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு நாள் அழுதுவிட்டேன்.

"வாரேன் அண்ணி. வந்து பண்றேன். அது வரைக்கும் பசங்க கேட்டா குடுக்கறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? அழுவாதீங்க. இப்ப அடுத்த வரி அடிங்க."

பாஸ்போர்ட் வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். மாப்பிள்ளைதான் போன் செய்தான். அங்கேயே தகனம் செய்தார்கள். அஸ்தியை அவன் கொண்டுவந்தான். காவிரியில் கரைக்கும்போது என் கணவர் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றார்; கலயம் காலியான பிறகும் கரையேற மாட்டேன் என்றார். பாய் வேட்டியோடு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தங்கை முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை என்பது அவருக்கு இன்றுவரை ஆறவில்லை.

மெயில்கள் நிற்கவில்லை. யாருக்கும் தெரியாதே. 'அக்கா, இந்த இடத்தில் நின்றுவிடுகிறது', 'அக்கா, அடுத்த பதிப்பு எப்போது?' நான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அறிவிப்பு எழுதினேன். மூன்று வரிதான். அதற்கு வந்த பதில்களைப் படிக்க மாதக்கணக்கானது. எவரும் அவளை நேரில் பார்த்ததில்லை. ஒரு தாய், தன் மகன் அன்று சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாள்.

அந்த மூட்டைக்குள் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும் ஒரு கோப்பு உண்டு. 'பராமரிப்பவர்' என்ற இடத்தில் அவள் பெயர். அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் அவளுக்கே எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும் என்னால் அந்த வரியில் கை வைக்க முடியவில்லை.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் அந்த மொழியைக் கண்ணால் பார்க்க என் கணவருக்குப் பொறுக்கவில்லை. திறந்ததும் 'வாங்க, உக்காருங்க' என்று ஒரு வரி வரும், அவள் வைத்தது. அதைப் பார்த்துவிட்டால் அன்று அந்த அறைப் பக்கமே போகமாட்டார்.

"மூடி வெச்சுரு புள்ளே," என்றார். "அதான் அவளே போயிட்டாளே. இது எதுக்கு இன்னும்?"

"பசங்க கேக்கறாங்களேங்க."

"கேக்கட்டும். எனக்கு முடியல."

எங்களுக்குள் அந்த ஒரு விஷயத்தில்தான் பேச்சு வார்த்தை குறைந்தது. நான் அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. தெரிந்தே செய்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றில் எங்கள் மொழியைப் போட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. வெளியூர்களிலிருந்தும் அதே புகார். அவள் பாதியில் விட்டுப்போன யூனிகோடு பதிப்பை முடித்தால்தான் தீரும். மொழியின் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அது உள்ளே எப்படி ஓடுகிறது என்பதில் ஒரு வரிகூடத் தெரியாது. எல்லாமே திறந்துதான் கிடந்தது. படிக்கத் தெரிந்தவள்தான் இல்லை.

நான் பொதுவில் உதவி கேட்டு எழுதினேன். மலேசியாவிலிருந்து ஒரு வாத்தியார் செய்து தருவதாகப் பதில் எழுதினார். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவர். அவள் எழுதியதை முதலிலிருந்து வரி வரியாகப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு எனக்கு எழுதினார். அந்த இடத்தில் அவள் தமிழில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறாளாம், அவருக்கு விளங்கவில்லையாம். பிரதியெடுத்து அனுப்பியிருந்தார்: 'இந்த எடம் எப்படி ஓடுதுன்னு எனக்கே வெளங்கலீங்க. ஓடற வரைக்கும் ஆரும் கைய வெச்சுராதீங்க.'

பாய் கடையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாயின் மனைவி என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவந்தார். அதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன்.

மலேசிய வாத்தியார் அந்தப் பதிப்பை முடித்தார். ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அவர் அனுப்பியதை இறக்கி, அவள் போனில் சொல்லிக்கொடுத்தபடியே கட்டினேன். பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்க்க எடுத்துப்போன அன்று என் கணவரும் கூடவே வந்தார். நான் கூப்பிடவில்லை. வகுப்பில் யாருமில்லை. கட்டங்கள் போய் முழு எழுத்தாக 'வாங்க, உக்காருங்க' என்று வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் தங்கையின் பெயரை அடித்து, பின்னால் 'எழுது' என்று அடித்தார். பெயர் கீழே வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. எழுந்து வெளியே போய், சில்வர் ஓக் மரத்தடியில் நின்று, அவள் செத்த அன்றுகூட அழாத மனுஷன் சத்தம் போட்டு அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பேரை எடுத்துராதே புள்ளே," என்றார்.

"எடுக்கலீங்க. 'செஞ்சவங்க'ன்னு புதுசா ஒரு வரி போட்டு அதுல வெச்சுக்கறேன். 'பராமரிப்பவர்'ல என் பேரைப் போடட்டுங்களா?"

தலையை ஆட்டினார்.

அப்படியே வெளியிட்டோம். ஆனால் அந்தப் பதிப்பு வருவதற்குள் காலம் மாறியிருந்தது. பாடத்திட்டத்தில் வேறு புரோகிராமிங் மொழிகள் வந்துவிட்டன. பரீட்சைக்கு அவற்றைத்தான் படிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஓய்வு நேரத்தில் சில பிள்ளைகள் போட்டுப் பார்த்ததோடு சரி. மலேசிய வாத்தியார் இன்னும் சிறிது காலம் சிறுசிறு திருத்தங்கள் அனுப்பினார். அப்புறம் அவருக்கு மாற்றல், குடும்பத்தில் சங்கடம். கடிதங்கள் குறைந்து நின்றன. பாய் கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார், சி.டி. கேட்பார் இல்லை. மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டான். எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்துகொண்டான். நாங்களும் நல்லபடியாக இரு என்றோம்.

இப்போது வீட்டிலேயே இன்டர்நெட் இருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கால் கழுவியதும் என் கணவர் கம்ப்யூட்டர் இருக்கும் அறையை எட்டிப் பார்ப்பார்.

"ஆராச்சும் எழுதியிருக்காங்களா?"

நான் மெயிலைத் திறந்து பார்ப்பேன்.

"இல்லீங்க."

"செரி," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்.